கிடங்கு அடுப்பு

மச்சாள் கிடங்கு வெட்டிய அன்று நான் வேலியோரமாகவே நின்றேன். கிட்டப் போகவில்லை. தொண்ணூற்றேழாம் ஆண்டு, போரால் இடம்பெயர்ந்திருந்த நாங்கள் எங்கள் ஊரான வேலணைக்குத் திரும்பிப் பத்து நாள்கூட ஆகவில்லை. வீட்டில் குசினிக்குக் கூரையே இல்லை. ஆனி மாதத்துச் சோளகக் காற்று அடுப்புப் பொறியை அள்ளிக்கொண்டுபோய்க் கிடுகு வேலியில் போட்டது. இரண்டு முறை ஓடி ஓடி அணைத்த பிறகுதான், பின்வளவில் முழங்கால் ஆழத்துக்குக் கிடங்கு வெட்டி அதற்குள் நெருப்பு மூட்டுவதென்று என் அண்ணையின் மனைவியான மச்சாள் தீர்மானித்தார்.

மண்ணைக் கிளறுவதென்றால் அப்போது எங்களுக்குக் குலை நடுங்கும். எந்தக் காணிக்குள் என்ன கிடக்கிறதென்று யாருக்கும் தெரியாது. மச்சாள் அலவாங்குக் கம்பியை ஓங்கிக் குத்தவில்லை. முனையால் மெல்லத் தட்டிப் பார்த்து, மண்ணைக் கையாலேயே அள்ளிப் போட்டார். சுற்றிவர முருகைக்கல் அடுக்கினார். ஒன்றும் தட்டுப்படவில்லை. அதில் காய்ச்சிய கஞ்சியைக் குடித்தபோது எனக்கும் பயம் கொஞ்சம் தெளிந்தது.

ஐந்தாம் நாள் காலை சோறு கொதித்துக்கொண்டிருந்தது. சூட்டில் காய்ந்த மணல் ஒரு பக்கம் பொலபொலவென்று சரிய, ஒரு கல் நெருப்புக்குள் விழுந்தது. கல் இருந்த இடத்தில் துருவேறிய இரும்பும் அதன் வால்பக்கத் தகடுகளும் தெரிந்தன. வெடிக்காத ஷெல் குண்டு. நெருப்புக்கும் அதற்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை.

“தண்ணி ஊத்தட்டோ?” என்றேன்.

“வேண்டாம். தண்ணியிலை மணல் சரிஞ்சு மற்றக் கல்லும் விழும். ஓடாமல் மெல்ல வாரும், அவரைத் தூக்குவம்.”

இடம்பெயர்ந்திருந்த காலத்தில் பனை மரத்திலிருந்து விழுந்த அண்ணைக்குக் கால்கள் இயங்காது. அவர் படுத்திருந்த அறைக்கும் கிடங்குக்கும் இடையில் பத்து அடிதான். சொன்னதும் அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். “என்னை விட்டிட்டு நீங்கள் ரெண்டு பேரும் போங்கோ.”

“கதையாமல் கையை என்ரை கழுத்திலை போடுங்கோ” என்றார் மச்சாள்.

மச்சாள் தோள்பக்கத்தையும் நான் கால்களையும் பிடித்துக்கொண்டோம். வாசற்படியில் என் பிடி நழுவி அவருடைய குதிக்கால் தரையில் இடித்தது. நின்று திருத்திப் பிடிக்க எனக்குத் துணிவில்லை, இழுத்துக்கொண்டே போனேன். வீட்டுக்கு வெளியே ஒழுங்கை திரும்பும் முடக்கைத் தாண்டி ஒரு மதிலுக்குப் பின்னால் அவரைக் கிடத்தினோம். என் மூச்சு அடங்குவதற்குள் அது வெடித்தது. காதுக்குள் நெடுநேரம் இரைந்தது.

மதியம் போய்ப் பார்த்தோம். கிடங்கு இருந்த இடத்தில் ஆளை மூடும் பள்ளம். அறைச் சுவர் அண்ணையின் கட்டிலுக்கு மேல் விழுந்து கிடந்தது. மச்சாள் கற்களுக்குள்ளிருந்து அவருடைய தலையணையை இழுத்தெடுத்துத் தூசி தட்டினார்.

அடுத்த நாள் வளவின் மறுகோடியில் அலவாங்கோடு நின்றார். “பயமில்லையோ?” என்று கேட்டேன். “பயந்தான். பசிக்குமெல்லே” என்றார். கிடங்கை வெட்டி முடித்து விறகும் அடுக்கியவருக்கு நெருப்புக்குச்சி உரச முடியவில்லை. மூன்று குச்சி முறிந்தது. நான் பெட்டியை வாங்கிப் பற்றவைத்தேன்.

அண்ணை இப்போது இல்லை. நாங்கள் இருவரும் அதே வீட்டில்தான் இருக்கிறோம். காஸ் அடுப்பு வந்து பல வருடமாகிவிட்டது. விடிய எழும்பித் தேத்தண்ணிக்குக் கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு, மச்சாள் குசினி வாசலில் வந்து நிற்பார். அன்றைக்குப் பிறகு அவர் அடுப்புப் பற்றவைத்ததில்லை. நான் எழுந்துபோய் அடுப்பை மூட்டுவேன்.