ஈசானிய மூலையில் இருந்த கழிப்பறை

என் கணவரின் அண்ணன் பைபாஸில் லாரி மோதி இறந்தார். அதற்கு முந்தைய வருடம்தான் மாமனார் மாரடைப்பில் போயிருந்தார். இரண்டாவது சாவுக்கு வந்திருந்த தூரத்து உறவுக்காரி ஒருத்தி, காப்பி தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, "தெக்குப் பாத்த வாசல். ஆம்பளைகளத்தான் தூக்கும்" என்றாள். சாவு வீட்டில் பேச வேறு விஷயம் அகப்படாதவர்கள் பேசுகிற பேச்சு. அவள் சாயங்காலமே பஸ் ஏறிச் சின்னாளப்பட்டிக்குப் போய்விட்டாள். அவள் சொன்னது மட்டும் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை.

அண்ணனுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. எங்களுக்கு ஒரே மகள், கோயம்புத்தூரில் படிக்கிறாள். ஆக வீட்டில் மிஞ்சிய ஆண் என் கணவர் ஒருவர்தான். அவர் பைக்கை ஷெட்டில் நிறுத்திவிட்டு டவுன் பஸ்ஸில் கடைக்குப் போக ஆரம்பித்தார். இடது தோளில் லேசாக வலித்தால் ஈசிஜி. ஏப்பம் வந்தால் ஈசிஜி. சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், வாய்க்குப் போகாது. அவர் சட்டைகள் ஒவ்வொன்றாகத் தொளதொளவென்று ஆவதைப் பார்த்து என் மாமியார் செபமாலையை உருட்டிக்கொண்டு அழுவார். புருஷனையும் மூத்த மகனையும் மண்ணில் வைத்தாயிற்று, இவனையும் வைக்க வேண்டி வருமோ என்ற ஒரே பயம்தான் அவருக்கு. அந்தப் பயத்தை நான் ஒருநாளும் கேலி செய்ததில்லை. மற்றதையெல்லாம் செய்தேன்.

முதலில் ஃபெங் சுயி வந்தது. தொந்தியைக் காட்டிச் சிரிக்கிற பொம்மை ஒன்று, வடக்கே தலை வைத்த பித்தளை ஆமை ஒன்று, காற்றடித்தால் கிணுகிணுக்கிற குழல்கள். மாமியார் அந்தப் பொம்மையைப் பார்த்து, "இது யாருடா அப்பு, இம்புட்டுச் சந்தோசமா?" என்று கேட்டார். ஆமையைத் திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே வைக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார். அதோடு நின்றிருந்தால் ஒன்றும் கெட்டுப்போயிருக்காது. ஆமை தண்ணீர்த் தட்டில் சும்மா கிடந்தது, யாருக்கும் தொந்தரவு இல்லை.

பிறகு ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து வாஸ்து பார்ப்பவர் வந்தார். நாங்கள் வேதக்காரர்கள், கத்தோலிக்கக் குடும்பம். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்த வீடு. அப்படிப்பட்ட வீட்டுக்கு வாஸ்துக்காரர் வந்தார் என்று கோயிலில் தெரிந்தால் அசிங்கம். அதனால் என் கணவர் அவருக்கு இன்ஜினியர் என்று பெயர் வைத்தார். "இன்ஜினியர் வாராரு, காப்பி போடு" என்பார். எங்கள் தெருவில் வேதக்காரர் வீடுகள் பலவற்றுக்கு அந்த மாதிரி இன்ஜினியர்கள் வந்துபோவது எனக்கு அதற்கப்புறம்தான் தெரிந்தது. பூசைக்கு முதல் வரிசையில் உட்காருகிறவர்கள்கூட வீட்டில் கட்டிலைத் திருப்பிப் போட்டிருந்தார்கள்.

இன்ஜினியர் நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார். வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. கையில் ஒரு திசைகாட்டி, செல்போனில் இன்னொன்று. இரண்டும் வேறுவேறு வடக்கைக் காட்டின. இரும்பு பீரோவை நகர்த்தச் சொன்னார், அப்புறம் இரண்டும் ஓரளவு ஒத்துப்போயின. நான் பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் நடத்துகிறவள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் திசை சொல்லிக்கொடுத்தே தொண்டை வற்றியவள். "சார், தெக்க எமன் இருக்கான்னா, தெக்க இருக்கிற மதுரைக்காரங்க எப்படி உசுரோட இருக்காங்க?" என்று கேட்டேன். என் கணவர் முறைத்தார். இன்ஜினியர் கோபப்படவில்லை. "மதுரையில நின்னு பார்த்தா அவங்களுக்கு வேற தெக்குங்க" என்றார். 

தெற்கு வாசலை அவர் பெரிய குற்றமாகச் சொல்லவில்லை, அதைச் சமாளித்துக்கொள்ளலாம் என்றார். மொட்டை மாடியில் ஏறிப் பார்த்துவிட்டு, வடக்கே பாரம் இருக்கக் கூடாது, உங்களுக்கு வடக்கே மலைக்கோட்டையே நிற்கிறது என்றார். மலைக்கோட்டையை நகர்த்த முடியாதல்லவா, அதனால் எங்கள் கக்கூஸை நகர்த்தச் சொன்னார்.

அந்தக் கழிப்பறை மாமியாரின் அறையை ஒட்டி, வீட்டின் வடகிழக்கு மூலையில் இருந்தது. அவருக்கு இரண்டு முழங்காலும் போனபோது மாமனார் நின்று கட்டிக்கொடுத்தது. உட்கார்ந்து எழ வெஸ்டர்ன் பீங்கான், பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி, வழுக்காத சொரசொர டைல்ஸ். கட்டிலிலிருந்து இறங்கிச் சுவரைத் தொட்டால் கதவு வந்துவிடும். "ஈசானியமுங்க. சாமி இருக்கிற மூலை. அங்க இதைக் கட்டி வச்சா ஆண் வாரிசு நிக்காதுங்க" என்றார் இன்ஜினியர். "அது கட்டினதுக்கு அப்புறம்தானுங்களே ரெண்டும் நடந்துச்சு?"

அது உண்மைதான். கழிப்பறை கட்டியதற்குப் பின்தான் இருவரும் இறந்தார்கள். அந்தத் தெருவில் பாதாளச் சாக்கடை போட்டதும் அதற்குப் பின்தான், எனக்குக் கண்ணாடி போட்டதும் அதற்குப் பின்தான். நான் இதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் மாமியார் கட்டிலில் இருந்தபடியே, "இடிச்சிருவோம்ப்பா" என்றார். "என் பிள்ளைக்கு ஆகாதுன்னா எனக்கு எதுக்கு அது?"

ஒரு வாரத்தில் அந்த மூலை தரைமட்டம். ஈசானியம் காலியாகவும் சுத்தமாகவும் இருக்க வேண்டுமாம். அங்கே கல்குகை மாதிரி சின்னதாக ஒரு மாதா கெபி கட்டி நீல பல்பு போட்டார் என் கணவர். பங்குச் சாமியார் வந்து அதை மந்திரித்தார். போகும்போது கை கழுவ பாத்ரூம் எங்கே என்று கேட்டார். கொல்லைப்பக்கம் காட்டினோம். "பழசுல லீக்கேஜ் சாமி, அதான் இடிச்சுட்டோம்" என்றார் என் கணவர். சாமியார் மாதாவைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டினார்.

புதுக் கழிப்பறை கொல்லையின் வடமேற்கு மூலைக்குப் போனது. வாயு மூலை, அங்கேதான் இருக்கலாமாம். ஈசானியம்தான் மனையிலேயே பள்ளமாக இருக்க வேண்டும் என்பதால் இதைத் தரை உயர்த்திக் கட்டினார்கள். கொத்தனார் ஒரு படியும் சரிவும் போதும் என்றார். படி ஒன்றாக இருந்தால் அது படியே இல்லை, இரண்டாக இருந்தால் இரட்டைப்படை ஆகாது, மூன்றாக வையுங்கள் என்று இன்ஜினியர் போனில் சொன்னார். முழங்கால் போன மனுஷிக்கு மூன்று படி. பின்வாசலைத் தாண்டி, சிமென்டுத் தளத்தில் வெயிலில் நடந்து, துணி துவைக்கிற கல்லைச் சுற்றிப் போய், மூன்று படி. "கைப்பிடி வச்சிருக்கேன்ல" என்றார் என் கணவர். வைத்திருந்தார், இல்லையென்று சொல்லவில்லை.

முதல் சில நாள் நான் பிடித்துக் கூட்டிப்போனேன். நான் பள்ளிக்கூடம் போன பிறகு அவர் தனியாகத்தான் போக வேண்டும். ஒருமுறை படியில் சறுக்கி முழங்கை சிராய்த்துக்கொண்டார். அதை என் கணவரிடம் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவன் மறுபடி யோசிக்க ஆரம்பிச்சிருவான் தாயி. இப்பத்தான் கொஞ்சமாச்சும் சோறு எறங்குது அவனுக்கு."

அதுவும் உண்மை. மூலையை இடித்த பிறகு என் கணவர் சாப்பிட்டார், தூங்கினார். வெஞ்சனம் சரியில்லை என்று பழையபடி குறை சொல்லத் தொடங்கினார். பைக்கைத் துடைத்து வெளியே எடுத்தார். அதைப் பார்த்து மாமியார் கெபிக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினார். எனக்கும் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

அந்தச் சித்திரை வெயில் எங்கள் ஊருக்கே உரிய வெயில். மலைப்பாறை பகலெல்லாம் சூட்டை வாங்கி இரவில் திருப்பிக் கொடுக்கும். குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று தெருவே காத்துக் கிடந்தது. மாமியார் அறை ஜன்னலுக்கு வெளியே இருந்த கருவேப்பிலைச் செடி மட்டும் தளதளவென்று இருந்தது. நான் அதற்குத் தண்ணீர் ஊற்றுவதில்லை. ஒருநாள் மாமியார் ஜன்னல் வழியே கை நீட்டித் தம்ளரைக் கவிழ்க்கிறார், நான் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டு நிற்கிறேன். அப்போதுதான் புரிந்தது.

"என்ன அத்த இது?"

"குடிச்சா போகணும்ல. அம்புட்டுத் தூரம் யாரு நடக்கிறது?"

அவர் பிரஷருக்குச் சாப்பிடும் மாத்திரைகளில் ஒன்று சிறுநீரை அதிகம் போக்குவது. அதையும் தவறாமல் போட்டுக்கொண்டு, தண்ணீரையும் நிறுத்தியிருக்கிறார். நான் அன்றே மெடிக்கல் கடைக்குப் போய், நடுவில் வாளி வைத்த கம்மோடு நாற்காலி ஒன்று வாங்கிவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். சாயங்காலம் வந்த என் கணவர் அதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் கெபி. "இடிச்சதே வீணாப் போச்சு" என்றார். நான் கத்தினேன். அவ்வளவு கத்தினேன், பக்கத்து வீட்டு டிவி சத்தம் குறைந்தது. கடைசியில் என் பக்கம் நிற்க வேண்டியவரே என்னைக் கைவிட்டார். "வேணாம்த்தா. மாதா தலைமாட்டுல நான் ஒண்ணுக்கு இருக்கவா? எடுத்துரு" என்றார் மாமியார். நாற்காலி மாடிக்குப் போனது. எனக்கு முன்னால் ஒரு வாய் குடித்துக் காட்டுவார். நான் பள்ளிக்கூடம் போனபின் என்ன செய்தார் என்று கேட்க ஆளில்லை.

கோடை முடியும் முன்பே அவருக்குக் கால் வீங்கியது, வாந்தி வந்தது, பேச்சு குழறியது. ஆஸ்பத்திரியில் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு கிட்னியும் நின்றுவிட்டதென்றார். தண்ணீரே குடிக்கவில்லையா என்று கேட்டார். என் கணவர் தரையைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன், திசை முதற்கொண்டு. டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு வெளியே போனார்.

சிறுநீர் போக டியூப் போட்டார்கள். டயாலிசிஸ் செய்து கொஞ்சம் தெளிந்ததும் மாமியார் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். முகத்தில் பல மாதமாக நான் பார்க்காத ஒரு சந்தோஷம்.

"குழாய் போட்டுட்டாக தாயி. இனி எந்திரிச்சுப் போக வேண்டியதில்ல. ஒரு செம்பு தண்ணி குடு. வயிறு நெறயக் குடிக்கணும்."

என்னால் கொடுக்க முடியவில்லை. கிட்னி வேலை செய்யாததால் குடிப்பதெல்லாம் நுரையீரலில் போய்ச் சேரும், நாக்கு நனைய ஸ்பூனால் மட்டும் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை அவரிடம் எப்படிச் சொன்னேன் என்று எனக்கு இப்போது ஞாபகமில்லை. ஸ்பூனை அவர் பல்லால் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் மத்தியானம் என் கணவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று போன் பேசிவிட்டு வந்தார். முகம் வெளுத்திருந்தாலும் ஒரு தெம்பு இருந்தது. இன்ஜினியரிடம் கேட்டாராம். உங்களுக்கு வரவேண்டியதுதான் உங்க அம்மாவுக்கு மாறியிருக்கிறது, வீடு கடைசியாக ஒன்று எடுத்துக்கொண்டு அடங்கிவிடும் என்று சொன்னாராம். "உங்க அம்மாவுக்கு வந்தது தாகம். வேற எதுவும் வரல" என்றேன். அவரை அறைய வேண்டும் போல இருந்தது. அவர் என்னைத் தாண்டி உள்ளே போய், அம்மாவின் காதருகே குனிந்து அதை அப்படியே சொன்னார். அம்மாவுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னாரோ, தனக்கு வேண்டிச் சொன்னாரோ.

மாமியார் அவர் முகத்தைப் பார்த்தார். "அப்படியா சொன்னாரு?" என்றார். "அப்பச் சரி."

அதன் பின் நான் ஸ்பூனைக் கொண்டுபோனபோது அவர் உதட்டைத் திறக்கவில்லை. அத்தை, நாக்கு காயுது, ஒரு சொட்டு என்றேன். தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். "எனக்கு வேணாம். நான் இருந்தா அது அவனத் தேடி வரும்" என்றார். டயாலிசிஸுக்கும் அதற்குப்பின் சம்மதிக்கவில்லை. நர்ஸிடம் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். சாமியார் வந்து கடைசி எண்ணெய் தொட்டு அவஸ்தை பூசியபோது முகம் அமைதியாகத்தான் இருந்தது. உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை இறந்தார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்ததும், அந்த மூலையில் மறுபடி கழிப்பறை கட்ட வேண்டும், எனக்கும் வயசாகிறது என்று என் கணவரிடம் சொன்னேன். அவர் இட்லியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே நான் கேட்டது புரியவில்லை.

"நான் உசுரோட இருக்கேன்ல?" என்றார்.

உயிரோடுதான் இருக்கிறார். போன மாதம் முழு உடல் பரிசோதனை செய்தார். ஒரு குறையும் இல்லை.