வெள்ளிக்கிழமை கழுவும் சிங்காரம்

பிரிக்பீல்ட்ஸ் சிங்காரம் காலமானார் என்ற செய்தி, போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை அவருடைய மகள் வாணியின் குரலில் வந்தது. அழுகைக்கு நடுவே கேட்டாள்: "அங்கிள், பேப்பர்ல போடணும். அப்பா போட்டோ ஒன்னுகூட இல்ல. என் கல்யாணப் படம்வரைக்கும் எல்லாத்தையும் அழிச்சிக் கழுவி வச்சிருக்காரு. உங்ககிட்ட இருக்கா?"

அவரை அறிந்த உங்களுக்கு இதில் வியப்பிருக்காது. கிழட்டுக் கணினிகளின் சக்கரவர்த்தி அவர். செத்த கணினியைக் கொண்டுபோனால் ஹார்ட் டிஸ்க்கைப் பிடுங்கிவிட்டு, எஸ்எஸ்டி என்ற வேகமான புதுவகைச் சேமிப்பகத்தை வைப்பார். கிழடு எழுந்து கிள்ளான் வரைக்கும் ஓடும். ஆனால் பழைய கணினிக்குத் தன் எஸ்எஸ்டியைத் தானே சுத்தம் செய்யத் தெரியாது. நாம் எதையாவது அழித்தால் பெயர்தான் போகும். சரக்கு உள்ளேயே கிடந்து வேகத்தைக் குறைக்கும். 'டிரிம்' என்ற கட்டளையைக் கையால் கொடுத்தால்தான் அது அடியோடு ஒழியும். வெள்ளிக்கிழமை வாசல் கழுவுகிறோம் அல்லவா, அதுபோல சிங்காரம் வெள்ளிதோறும் சூடம் காட்டிவிட்டு, கடையில் இருக்கும் அத்தனை கணினிகளுக்கும் டிரிம் போடுவார். யாரையும் கேட்கமாட்டார். அவர் போடும் சாம்பிராணியில் பாதிக் கோலாலம்பூர் இருமும்.

பந்திங்கிலிருந்து வந்த லோரி முதலாளி ஒருவர், "ஏன் பாஸ் என்னைக் கேட்காம செஞ்சீங்க?" என்று முறைத்தார். ஏழடி ஆள். சிங்காரம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பாசார்ல வாங்குன மீனக் கழுவாமலா ஆக்குவீங்க? இத மட்டும் ஏன் நாற விடுறீங்க?" ஏழடி மூன்றடியாகி வெளியே போனது.

அடுத்தது என் முறை. போன வருடம் என் மனைவி இறந்த மூன்றாம் மாதம், கணினியில் இடம் பண்ணுகிறேன் என்று அவள் குரல் பதிந்த ஒரே ஒரு பதிவை அழித்துவிட்டேன். அதில், மீன் குழம்பு வைக்கத் தெரியாத என்னை நான்கு நிமிடம் திட்டியிருப்பாள். பெயர்தான் போயிருக்கும், சரக்கு உள்ளே இருக்கும் என்ற நம்பிக்கையில் கணினியை மடியில் வைத்துக்கொண்டு கிள்ளானிலிருந்து ரயில் ஏறினேன். அன்று வெள்ளிக்கிழமை என்பது நினைவில் இல்லை.

கடையில் மூன்று பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னால் மனைவியின் குரலுக்காகக் கெஞ்ச என் மீசை இடங்கொடுக்கவில்லை. "பார்த்து வைங்க தம்பி" என்று கணினியை மேசையில் வைத்துவிட்டு, அவர்கள் போகட்டும் என்று பக்கத்துக் கடைக்குத் தே தாரிக் குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது சிங்காரம் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஆறு மாசமா கழுவல போல. சாக்கடை லா அண்ணே! கழுவிட்டேன். இனி பறக்கும் பாருங்க."

விஷயத்தைச் சொன்னேன். அந்த மூன்று பேரும் கேட்கவே சொன்னேன்.

"அழிச்சது நீங்க, கழுவுனது நான்" என்றார். "டீ குடிக்கப் போறதுக்கு முன்னால வாயத் தொறந்திருக்கலாமே?"

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து டிரிம் கட்டளையை எழுதி நீட்டினார். "இனிமே நீங்களே போட்டுக்குங்க. என்னைத் திட்டாம இருப்பீங்க."

வாணி கேட்ட அன்று என் கணினியில் சிங்காரத்தின் படங்கள் இரண்டு இருந்தன. இரண்டும் அவள் கல்யாணத்தில் எடுத்தவை. ஒன்றில் பட்டு வேட்டி, சந்தனப் பொட்டு, மந்திரி தோற்கும் சிரிப்பு. மற்றதில் வாய் நிறைய இடியாப்பம், ஒரு கண் மூடியிருக்கும். மரண அறிவிப்பில் எது வந்தது என்று நீங்களே பார்த்தீர்கள். சாவு வீட்டில் என்னைச் சுற்றிக்கொண்டு, "நல்ல படமே கிடைக்கலியா?" என்று கேட்டீர்கள்.

கிடைத்தது. சிரிக்கும் படத்தை அழித்தேன். நாள்காட்டித் தாளை எடுத்து, அவர் எழுதிய கட்டளையை எழுத்து எழுத்தாகத் தட்டிக் கழுவினேன். பிறகுதான் இடியாப்பத்தை அனுப்பினேன்.

உடனே வாணி அழைத்தாள். "அங்கிள், வேற ஒன்னு இருக்கா?"

"இல்லம்மா" என்றேன். அதிலும் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

பிறகு இடியாப்பத்தையும் அழித்துக் கழுவிவிட்டேன். அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்தத் தாள் ஒன்றுதான். வெள்ளிதோறும் சூடம் காட்டிவிட்டு எடுக்கிறேன். கணினி பறக்கிறது, சிங்காரம். உள்ளே ஒருவரும் இல்லை.