ஆர்டித்தின் இருபத்தொரு கழிகள்

ஹோபர்ட்டை ஊர் நடுவில் நிறுத்தி வைத்து எது வேண்டுமானாலும் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அவன் அப்பாவும் என் அப்பாவும் ஒரே குலம். அமெரிக்கப் பூர்வகுடிகளான எங்கள் அப்சாலுக்கே ஜனத்தில் அப்படிப் பிறந்தவர்கள் ஒருவருக்கொருவர் கேலி முறை. அவன் தொப்பையைச் சொல்லலாம், குறட்டையைச் சொல்லலாம், இருபது வயதில் குதிரையிலிருந்து விழுந்ததை அறுபது வயதிலும் சொல்லலாம். அவன் கோபப்படக் கூடாது. பட்டால் அதுவே அடுத்த கேலி.

ஆனால் வெறும் சிரிப்புக்காக வைத்த முறை இல்லை இது. ஒருத்தன் கேவலமான காரியம் செய்தால் பெண்டாட்டி கேட்டால் சண்டை, மச்சினன் கேட்டால் வெட்டுக்குத்து. நாங்கள் கேட்டால் மட்டும்தான் அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் எங்களுக்கு இந்த வாயைக் கொடுத்திருக்கிறார்கள். நானோ அதை ஆயுசு முழுக்க அவன் தொப்பைக்கே செலவு செய்தேன்.

அவனைப் பற்றிச் சொல்ல நான் உட்காரவில்லை. அவன் பெண்டாட்டி ஆர்டித்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனை மச்சான் என்பது கேலிக்கு, அவளை நான் கூப்பிடுவது அண்ணி என்று.

ஆர்டித் பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள். முந்நூறு பிள்ளைகளுக்குச் சோறு. அகலமான கை, குறைந்த பேச்சு. வருஷம் முழுக்க உருளைக்கிழங்கு தோலைச் சீவிக்கொண்டே ஆகஸ்ட் மாதத்துப் பத்து நாட்களை எண்ணிக்கொண்டிருப்பாள். அந்தப் பத்து நாள் எங்கள் ஜனம் மொத்தமும் திருவிழாவுக்காக லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில்தான் குடியிருக்கும். நீங்கள் டீப்பி என்று சொல்லும் கூம்புக் கூடாரங்கள் ஆயிரத்துக்கு மேல் நிற்கும். காலையில் குதிரை ஊர்வலம், மாலையில் ஆட்டம், நடுவில் சாப்பாடு, சாப்பாடு, சாப்பாடு.

ஆறு வளைகிற மூலையில் இரண்டு பெரிய மரங்களுக்கு இடையே ஆர்டித்தின் இடம். அவளுக்கு முன்னால் அவள் அம்மாவின் இடம். பத்திரம் கித்திரம் ஒன்றும் கிடையாது. வருஷா வருஷம் யார் கூடாரம் நிற்கிறதோ அவர்களுடையது. ஒரே ஒரு கோடை விட்டு, அங்கே இன்னொருத்தி கூடாரம் எழும்பிவிட்டால் அதோடு முடிந்தது. எங்களிடம் கூடாரமும் பெண்ணுடையது, இடமும் பெண்ணுடையது. ஆண்பிள்ளை உள்ளே படுத்துக் குறட்டை விடுகிறவன், அவ்வளவுதான்.

கல்யாணமான முதல் ஜூனில் இரண்டு பேரும் மலைக்குப் போனார்கள். ஹோபர்ட் பைன் மரம் வெட்டினான். கூடாரம் நிறுத்த, நெட்டையாக, மணிக்கட்டுப் பருமனில், இருபத்தொரு கழி. வெட்டியதும் களைத்துப் போய் நிழலில் படுத்துவிட்டான். பட்டை உரித்தது, கணு சீவியது, வழவழவென்று இழைத்தது எல்லாம் அவள். இரண்டு வாரம் கையிலிருந்து பிசின் போகவில்லையாம். கித்தான் துணி வாங்கி, பள்ளி விடுமுறையில் உணவுக்கூடத் தரையில் விரித்துப் போட்டு, தையல் மிஷினை அதன் மேல் நகர்த்தி நகர்த்தித் தைத்தாள். பிள்ளைகள் மூன்று பேரும் ஒவ்வொரு ஆகஸ்டும் அந்தக் கித்தானுக்குள்தான் உருண்டார்கள்.

ஒரு வருஷம் மேற்கேயிருந்து பேய்க்காற்று வந்தது. பக்கத்துக் கூடாரங்கள் பறந்து ஆற்றில் விழுந்தன. ஆர்டித் உச்சியிலிருந்து தொங்கும் நடுக்கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பு பாரம் மொத்தத்தையும் கொடுத்துத் தொங்கினாள். வலது தோள் அன்றைக்கு இறங்கியதுதான், பிறகு சரியாகவே இல்லை. கூடாரம் நின்றது. ஹோபர்ட் எங்கே என்று கேட்கிறீர்களா? பிக்கப் வண்டிக்குள். கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தான். "பெண்டாட்டி கயித்துல தொங்குறா, இவன் வண்டிக்குள்ள ரேடியோ கேக்குறான்! என்ன மச்சான், பாட்டு நல்லா இருந்துச்சா?" என்று பல வருஷம் அவனை ஓட்டினேன். எல்லோரும் சிரிப்பார்கள். ஆர்டித்தும் சிரிப்பாள், தோளைத் தடவிக்கொண்டே.

முப்பத்தொரு வருஷம் இப்படிப் போனது. ஒரு பிப்ரவரியில் ஹோபர்ட் துணிமணியை எடுத்துக்கொண்டு ரெனே வீட்டுக்குப் போய்விட்டான். கிழக்கே, பக்கத்து ஷையன் ஜனத்துப் பெண். வயது முப்பத்தைந்து இருக்கும். நல்ல பெண்தான், அவளை நான் குறை சொல்ல மாட்டேன். குறை சொன்னால் மனசுக்குச் சுலபமாக இருக்கும், அதனாலேயே சொல்ல மாட்டேன்.

ஆர்டித் அழுததை யாரும் பார்க்கவில்லை. மறுநாளும் சமையலறைக்குப் போனாள். ஆனால் கழிகள் ஹோபர்ட்டின் அண்ணன் வீட்டு வேலி மேல் அடுக்கிக் கிடந்தன. ஜூலையில் போன் போட்டுக் கேட்டிருக்கிறாள்.

"துணி உன்னோடது, எடுத்துக்கோ. கழி நான் வெட்டினது" என்றானாம்.

"வெட்டின. உரிச்சது யாரு?"

போனை வைத்துவிட்டானாம் பாவி.

அந்த இறங்கிய தோளோடு தனியாக மலைக்குப் போனாள். ஐந்து மரம் சாய்த்தாள், ஆறாவதில் கை தூக்க முடியவில்லை. இரவல் கேட்கவும் வழியில்லை. திருவிழாவின் பத்து நாளும் எல்லோர் கழியும் அவரவர் கூடாரத்தில் இருக்கும். அப்போதுதான் காதில் விழுந்தது: ஹோபர்ட் அந்தக் கழிகளை ரெனேக்காகக் கொண்டுவருகிறான், ஆற்று வளைவில், அதே இரண்டு மரத்துக்கு நடுவில் நடப் போகிறான்.

என் வீட்டுக்கு வந்தாள். காப்பி கொடுத்தேன், குடிக்கவில்லை.

"தம்பி, நான் கேட்டா புருஷன் விட்டுட்டுப் போனவ புலம்புறான்னு சொல்லுவாங்க. என் கூடப் பொறந்தவன் கேட்டா அடிதடி ஆயிரும். நீ கேளு. உனக்கு முறை இருக்கு."

"என்னன்னு கேக்கணும் அண்ணி?"

"அவ உரிச்ச கழிய எடுத்துட்டு வந்து, அவ அம்மா எடத்துலயே இன்னொருத்திக்கு வீடு கட்டுறியே, உனக்கு வெக்கமா இல்லையான்னு கேளு. எல்லாரும் இருக்கும்போது கேளு. கேட்டா கழியப் போட்டுட்டுப் போயிருவான். எனக்கு அவன் வேணாம் தம்பி. எடம் போதும்."

"கேக்குறேன் அண்ணி. கிழிச்சுத் தொங்கவிட்டுர்றேன், பாரு" என்றேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து என் குதிரை நொண்ட ஆரம்பித்தது. ஊர்வலத்தில் போக என் மகள் எல்க் மான் பல் கோத்த உடையைத் தயாராக வைத்திருந்தாள், ஏறக் குதிரை இல்லை. ஹோபர்ட் தானாகவே தன் வெள்ளைப்புள்ளிப் பெண்குதிரையை ஓட்டிக்கொண்டு வந்து என் வாசலில் கட்டினான். "மச்சான், பொண்ணு இதுல ஏறட்டும். என்னைத் திட்டுறதுக்கு உனக்குத் தெம்பு வேணாமா?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

புதன்கிழமை காலை ஆற்று வளைவுக்குப் போனேன். இருபத்தொரு கழியும் புல்லில் கிடந்தன. ரெனே மூன்று கழியை மட்டும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். முதலில் கட்டி நிறுத்துகிற அடிக்கட்டு அவர்கள் ஜனத்தில் மூன்று கழி, எங்களுக்கு நான்கு. சுற்றியிருந்த பந்தல்களில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள். ஆர்டித்தின் வண்டி வந்து நின்றது. பின்னால் மடித்த கித்தான். அவள் இறங்கிக் கதவில் சாய்ந்துகொண்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

வாயைத் திறந்தேன்.

"என்ன மச்சான், மூணு காலு போதுமா? மாட்டுக்கே நாலு இருக்கேப்பா!"

ஆற்றங்கரை முழுக்கச் சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு முதலில் சிரித்தவன் ஹோபர்ட்தான். ரெனே முகம் சிவந்து, "எங்க ஊருல இப்படித்தான் கட்டுவோம்" என்றாள்.

ஆர்டித் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இது ஆரம்பம்தான், அடுத்தது வரும் என்று காத்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அது தெரிந்தது. நாக்கில் வந்து நின்றது. நான் என்ன செய்தேன் தெரியுமா? குனிந்து செருப்பில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டினேன்.

நான் கிளப்பிவிட்ட சிரிப்பு அடங்குவதற்குள் ஹோபர்ட்டுக்குத் தைரியம் வந்துவிட்டது. "ஆர்டித், நீயே வந்து கட்டிக் குடுத்துட்டுப் போயேன். இந்தக் கழி உன் கைக்குத்தான் அடங்கும்" என்றான். அதற்கும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

அவள் வந்தாள். ஐயோ, வந்தேவிட்டாள். போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். ரெனே கட்டிய முடிச்சை அவிழ்த்தாள். நான்கு கழியைத் தேர்ந்தெடுத்தாள், எந்த நான்கு என்று தேட வேண்டியிருக்கவில்லை. ரெனேயின் துணியை விரிக்கச் சொல்லி, அது கடையில் வாங்கிய சின்னத் துணி என்று பார்த்து, முடிச்சை அதற்கேற்பக் கீழே இறக்கிப் போட்டாள். இடது கையாலேயே தூக்கி நிறுத்தினாள். மற்றக் கழிகளை ஒவ்வொன்றாகச் சாய்த்தாள், துணியைச் சுற்றினாள், குச்சி செருகினாள், வாசலைச் சரியாகக் கிழக்கே பார்க்க வைத்தாள். அவள் அம்மாவின் இடத்தில் அது கோணலாக நிற்பதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை போலிருக்கிறது. ஒருத்தரும் உதவிக்குப் போகவில்லை. நானும்தான் போகவில்லை.

கடைசியில் நடுக்கயிற்றை ரெனே கையில் கொடுத்தாள்.

"இத இறுக்கிக் கட்டு. காத்து மேக்கயிருந்து வரும். இவன நம்பாத, வண்டிக்குள்ள போயி உக்காந்துக்குவான்."

பல வருஷமாக நான் சொல்லி ஊரே சிரித்த அதே கேலி. அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. ஆர்டித் வண்டியைத் திருப்பிக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.

ஊர்வலத்தில் என் மகளுக்கு இரண்டாம் பரிசு. ஹோபர்ட்டின் குதிரை அம்சமாக நடந்ததாக எல்லோரும் சொன்னார்கள். அந்தப் பரிசைச் சுவரில் மாட்ட எனக்குக் கை வரவில்லை. மகள்தான் மாட்டினாள்.

அடுத்த ஆகஸ்டும் ரெனேயின் கூடாரம் அங்கேதான் நின்றது. நான்கு கழி அடிக்கட்டு, சுத்தமாகக் கட்டியிருந்தாள். அந்த இடத்தை எல்லோரும் ரெனே இடம் என்றே சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

அந்தப் பத்து நாளில் ஒரு மத்தியானம் ஆர்டித் வீட்டுக்குப் போனேன். ஊரே ஆற்றங்கரையில் இருக்க, அவள் தெருவில் ஒரு நாய்கூட இல்லை. வாசலில் அந்தக் கித்தான் மடித்தபடியே கிடந்தது. அதன் மேல் தக்காளிச் செடித் தொட்டிகள். உள்ளே கூப்பிட்டாள். காப்பி ஊற்றினாள், எண்ணெயில் பொரித்த ரொட்டி வைத்தாள். பிள்ளைகள் சௌக்கியமா, நொண்டின குதிரை தேறிவிட்டதா என்று விசாரித்தாள். நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"அண்ணி, என்னைத் திட்டிரு. நாலு வார்த்தை கேட்டுரு. செருப்பால அடிச்சாலும் வாங்கிக்கிறேன்" என்றேன்.

ஆர்டித் காப்பிப் பாத்திரத்தை அடுப்பின் மேல் வைத்தாள். அவள் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை.

"அதுக்கு முறை வேணும் தம்பி" என்றாள். "எனக்கு உங்கிட்ட முறை இல்ல. உனக்குத்தான் அவன்கிட்ட இருந்துச்சு."