காதைத் தொட்ட கை

அந்தக் காலத்தில் எங்கள் ஒரகடம் பக்கம் பிள்ளை பிறந்த தேதியை யாரும் எழுதி வைப்பதில்லை. வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொட்டுவிட்டால் போதும், வயது ஆகிவிட்டது என்று ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்வார்கள்.

என் மகள் செல்விக்கு விரல் எட்டவில்லை. அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு எத்தனை நாள்தான் களை எடுப்பது? கழனியிலிருந்து அலுத்து வந்து, அடுப்புக்குப் பக்கத்தில் நிற்க வைத்துத் தினமும் பழக்கினேன்.

"நான் சொல்ற வரைக்கும் கைய எடுக்காதடி" என்பேன்.

சேர்க்கப் போன அன்று விரல் நுனி காதைத் தொட்டது. டீச்சர் பெயரை எழுதிக்கொண்டார். எனக்கோ வேலைக்கு நேரமாகிவிட்டது. விட்டால் போதுமென்று அவளிடம் சொல்லிக்கொள்ளாமலே ஓடினேன்.

மதியம் சோறு எடுத்துக்கொண்டு போனால், செல்வி தரையில் உட்கார்ந்திருக்கிறாள். கை தலைக்கு மேல், விரல் காதில்.

"எவ்ளோ சொல்லியும் கேக்கலம்மா. வலிச்சா கை மாத்திக்குது, மறுபடியும் புடிச்சிக்குது" என்றார் டீச்சர்.

"இன்னாடி இது?" என்றேன்.

"நீ இன்னும் எடுக்கச் சொல்லலியேம்மா."

"எடு கண்ணு."

சோற்றைப் பிசைய அந்தக் கை மடங்கவில்லை. நான்தான் ஊட்டினேன்.

காதைத் தொட மாதக்கணக்கில் பழக்கிய நான், என்னைப் பிரிந்து உட்கார அவளை ஒரு நாளும் பழக்கவில்லை.

மறுநாளும் எனக்கு உடம்பு வலிதான், நேரமும் ஆகிவிட்டதுதான். ஆனாலும் வகுப்பு வாசலில் நின்று, "அம்மா போய்ட்டு வரேன்" என்றேன். அவள் தலையாட்டிய பிறகுதான் நடந்தேன்.