கலியமூர்த்தி சார் நின்று குடித்த டீ

கலியமூர்த்தி சார் இறந்துபோன செய்தி வந்தபோது நாங்கள் ஏழு பேரும் நின்றுகொண்டிருந்தோம். காலைக் கூட்டம். தமிழ்ச்செல்விதான் போனைப் பார்த்துவிட்டு, "சாரு போய்ட்டாராம். ஹார்ட்டாம்," என்றாள். சுந்தர், "அப்ப இனிமே உக்காரலாமா?" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். அதில் ஒருவன் நான்.

அவருடன் வேலை செய்த நீங்களெல்லாம் வாட்ஸாப் குழுவில் "அருமையான மனிதர்", "தங்கமான உள்ளம்" என்று எழுதித் தள்ளுகிறீர்கள். உங்களில் பாதிப் பேர் அவர் காலில் கட்டி வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டவர்கள். எனக்குத் தெரியும், நாம் சேர்ந்துதான் வேண்டிக்கொண்டோம்.

திருவாண்டார்கோயிலில் தொழிற்சாலைகளுக்குப் பின்னால், மாடியில் இருக்கிறது எங்கள் அலுவலகம். எந்த விவசாயி எந்தத் தேதியில் கரும்பு வெட்டலாம் என்று போனுக்குச் செய்தி அனுப்பும் மென்பொருளை ஒரு சர்க்கரை ஆலைக்காகச் செய்துகொண்டிருந்தோம். சார் எங்கள் டீம் லீட். சென்னையில் ஒருநாள் பயிற்சிக்குப் போய் வந்தார். தினமும் காலையில் குழு நின்றபடி பதினைந்து நிமிடம் பேச வேண்டும், நேற்று என்ன முடிந்தது, இன்று என்ன செய்வோம், எங்கே சிக்கல் என்று சொல்ல வேண்டும். அங்கே சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். இவர் கூடுதலாக ஒன்றைச் சேர்த்தார். முடிக்கவில்லை என்று சொன்னவர் முடிக்கும்வரை நின்றபடியே வேலை செய்ய வேண்டும். "கால் வலிக்கட்டும்டா, அப்பதான் கை ஓடும்," என்பார்.

தமிழ்ச்செல்வி வில்லியனூரிலிருந்து ஸ்கூட்டியில் வருபவள். ஒருநாள் விழுந்து முட்டியில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தாள். அன்று பார்த்து அவள் வேலை மிச்சம் இருந்தது.

"முடியல சார்," என்றாள்.

"எது முடியல, வேலையா, காலா?" என்றார் சார்.

எல்லோரும் சிரித்தோம். அவள் மதியம்வரை மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் என் நாற்காலியில் உட்கார்ந்து அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அன்று எல்லாம் முடிந்திருந்தது, அந்த நிம்மதிதான் பெரிதாக இருந்தது.

நிற்காமல் தப்பிக்க சுந்தர்தான் வழி கண்டுபிடித்தான். செய்ய வேண்டிய வேலையை அட்டையில் எழுதிப் பலகையில் ஒட்டுவோம். விவசாயி பதிவுப் பக்கம் என்று ஒரே அட்டையாக ஒட்டினால் ஒரு வாரம் நிற்க வேண்டும். பெயர் ஒரு அட்டை, ஊர் ஒரு அட்டை, நிலத்தின் எண் ஒரு அட்டை என்று நறுக்கிவிட்டால் தினமும் ஒன்று முடியும். ஏமாற்று வேலையாகத்தான் ஆரம்பித்தோம். ஆனால் சின்னச் சின்னதாகச் செய்ததில் தப்பு அன்றைக்கே தெரிந்தது, அன்றைக்கே திருத்தினோம். மென்பொருள் முன்னைவிட நன்றாக வந்தது. பயிற்சிப் புத்தகத்தில் போட்டிருந்ததை நாங்கள் கால்வலியில் கற்றுக்கொண்டோம்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை, எது சரியில்லை என்று எல்லோரும் மனம் விட்டுப் பேசும் கூட்டம். சார் பலகையில் 'சரியில்லை' என்ற கட்டத்தில் ஆட்களின் பெயரை எழுதினார். அதன்பிறகு அங்கே யார் வாயைத் திறப்பார்கள்? எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று சொல்லிவிட்டு, கீழே அய்யனார் அண்ணன் டீக்கடைக்குப் போய் அங்கே உண்மையான கூட்டத்தை நடத்தினோம். நாம் அனுப்பும் செய்தி விவசாயிக்குப் புரியவேயில்லை என்பதை எங்கள் குழுவின் ஏம்பலத்துக்காரன் ஒருவன் அந்தப் பெஞ்சில்தான் சொன்னான். அவன் அப்பா தேதியைத் தப்பாகப் படித்து, வெட்டு இல்லாத நாளில் கரும்பு வெட்ட ஆளைக் கூட்டிவிட்டாராம். அடுத்த வாரமே செய்தியை மாற்றினோம்.

வேலை எப்படிச் சுத்தமாக வருகிறது என்று சாருக்குப் புரியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பின்னாலேயே இறங்கி வந்துவிட்டார்.

"இன்னாடா, நா இல்லாத கூட்டமா? எனக்கும் ஒரு எடம் போடுங்கப்பா. நா ஒண்ணும் பேசமாட்டன்," என்றார். குரலில் அதிகாரம் இல்லை. கெஞ்சினார் என்றே சொல்லலாம்.

பெஞ்சில் இடம் இருந்தது. யாரும் நகரவில்லை. தமிழ்ச்செல்விதான், "நில்லுங்க சார்," என்றாள்.

நின்றார். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை நின்றார். நாங்கள் கிரிக்கெட் பேசினோம்.

அவர் போனதும் இடத்தை மாற்றிவிடலாம் என்று சொன்னது நான். அவர் வந்தால் உண்மை வராது என்று காரணமும் சொன்னேன், காரணம் சரிதான். அவ்வளவு சீக்கிரமாக எங்கள் கூட்டம் வேறெதையும் முடிவு செய்ததில்லை. கோயில் பக்கத்துக் கடைக்கு மாறினோம். போன வருடம் அவர் உடம்பு முடியாமல் வேலையை விட்டபின்தான் அய்யனார் கடைக்குத் திரும்பினோம்.

அவர் ஊரான சுத்துக்கேணியில் அவரை எடுத்துவிட்டுத் திரும்பும்போது அய்யனார் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"நீங்க அந்தக் கடைக்குப் போனப்புறமும் சாரு நாலஞ்சு தபா வந்தாருப்பா, வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம. பெஞ்சு காலியாதான் கெடக்கும். உக்காருங்க சார்னா, வேணாம், புள்ளைங்க வரட்டும்பாரு. நின்னுக்கினே குடிச்சிட்டுப் போவாரு."

உங்களிடம் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவர்மேல் அன்பு இருந்ததில்லை, இப்போதும் இல்லை. ஆனால் இதைக் கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இரண்டு. ஒன்று அவர் நாற்காலி, இப்போது நான்தான் டீம் லீட். இன்னொன்று அவர் வாய். போன மாதம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி காலைக் கூட்டத்தில் "முடியல சார்," என்றாள். "எது, வேலையா, காலா?" என்று கேட்டேன். யோசித்துக் கேட்டதில்லை, தானாக வந்தது. எல்லோரும் சிரித்தார்கள், தமிழ்ச்செல்வியைத் தவிர.

நேற்று வெள்ளிக்கிழமை. நாலு மணிக்கு அறையைவிட்டு வெளியே வந்தேன், ஒரு நாற்காலியிலும் ஆள் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் எல்லோரும் அய்யனார் கடைப் பெஞ்சில். என்னை யாரும் கூப்பிடவில்லை. இறங்கிப் போனேன். பேச்சு சட்டென்று கிரிக்கெட்டுக்கு மாறியது. பெஞ்சின் ஓரத்தில் ஓர் ஆள் உட்காரும் இடம் இருந்தது. தமிழ்ச்செல்வி அதில் தன் பையை எடுத்து வைத்தாள்.

நான் நின்றுகொண்டே குடித்தேன்.