ஒன்பதாம் எண் கிணறு

எங்கள் தெருக் கிணற்றுக்கு அரசாங்கம் கொடுத்த எண் ஒன்பது. கைப்பிடிச் சுவரில் நீலப் பெயின்டில் எழுதியிருக்கும். 1999 மே மாதம் அந்தக் கிணற்றால் செவ்வந்தி அக்கா பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் முதலில் பட்டம் வாங்கியவர் அவர். மன்னார்குடிக் கல்லூரியில் கணக்கு படித்தார். அவருடைய அப்பா வைரக்கண்ணு, ஒரு பண்ணையில் கூலியாக இருந்தவர். பண்ணையின் உபரி நிலத்தை எங்கள் தெருவின் பன்னிரண்டு குடும்பங்களுக்குக் கொடுக்க உத்தரவு வந்தும், வழக்கும் அடிதடியுமாகப் பதினான்கு வருடம் இழுத்தது. ஆட்சி மாறும்போதெல்லாம் தெருமுனையில் ஒரு புதுக் கொடிக்கம்பம் வந்தது, பட்டா வரவில்லை. கடைசியில் 1989இல் ஆளுக்கு மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், கிடைத்தது. ஆனால் மேட்டூர்த் தண்ணீர் பல வருடம் குறுவைக்கு நேரத்தில் வரவில்லை. அதனால் நாற்றங்காலுக்காவது ஆகட்டும் என்று, பொதுவில் ஒரு ஆழ்குழாய் போர் போட அனுமதி கேட்டுப் பன்னிரண்டு பேரும் மனுப் போட்டார்கள்.

அந்த மனுவுக்குக் கருத்துச் சொல்ல வேண்டிய தஞ்சாவூர் அலுவலகத்தில்தான் அக்காவுக்கு வேலை. பூமிக்கடியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, எடுத்தால் எவ்வளவு இறங்கும் என்று கம்ப்யூட்டரில் கணிப்பது. சென்னையில் நாற்பது நாள் அதைக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். வரைபடத்தைக் கோலப்புள்ளி வைத்ததுபோல் கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் மண் களியா மணலா, மழை எவ்வளவு, வாய்க்காலிலிருந்து எவ்வளவு ஊறுகிறது, எவ்வளவு இறைக்கிறார்கள் என்று கொடுத்தால், கிணற்றில் தண்ணீர் எங்கே நிற்கும் என்று கம்ப்யூட்டர் சொல்லும். அது சொல்வதும் நேரில் அளந்ததும் ஒத்துப்போனால்தான் கணிப்பை நம்பலாம்.

அக்கா முதல்முறை கணிப்பை ஓட்டியபோது தண்ணீர் தரைக்கு மேலே இருபது மீட்டரில் நின்றது. மழையைப் பத்து மடங்கு கூட்டிப் போட்டுவிட்டார்.

"ஏம்மா, பெரிய கோயில் கோபுரத்துல படகு கட்டிடலாம் போலருக்கே?" என்றார் பொறியாளர் ஜெக்கரியா.

"கட்டுங்க சார், நாளைக்கு இறக்கிடுறேன்" என்றார் அக்கா.

சொன்னபடி மறுநாளே தவறைச் சரிசெய்தார். மே மாதத்துக்குள் பாமணியாற்றுக்குத் தெற்கே இருந்த பதினைந்து கிணறுகளில் பதினான்கு ஒத்துப்போயின. எங்கள் கிணறு மட்டும் முரண்டு பிடித்தது. கம்ப்யூட்டர் நான்கு மீட்டர் ஆழத்தில் தண்ணீர் என்றது. நேரில் அளந்த கணக்கில், ஒவ்வொரு முறையும், ஆறரை மீட்டர்.

"ஒரு கிணறுதானே, விட்டுடும்மா" என்றார் ஜெக்கரியா.

விட்டிருந்தால் எங்கள் தெருவுக்கு நல்லதுதான். ஆறரை என்று வைத்தால், தண்ணீர் வற்றிய இடம் என்று போர் இல்லாமல் போகும். அந்த ஒரு கிணற்றை நீக்கினால் போர் உறுதி. ஆனால் அது அக்காவின் சொந்தத் தெரு. காரணம் இல்லாமல் நீக்கினால் நாளைக்கு யாராவது கேட்கமாட்டார்களா? யாரும் கேட்காவிட்டாலும் அவருக்கே பொய்யாகத் தோன்றியது. "பத்து நாள் கொடுங்க சார்" என்றார்.

சனிக்கிழமை காலை, யாருக்கும் சொல்லாமல் ஊருக்கு வந்தார். வீட்டுக்குள்கூடப் போகவில்லை. பையைக் கிணற்றடியில் வைத்துவிட்டு அளவு நாடாவை உள்ளே விட்டார். நான்கு மீட்டர், பத்து சென்டிமீட்டர். மறுபடி விட்டார். அதே அளவு.

அதற்குள் அவருடைய அம்மா காளியம்மாள் ஓடி வந்தார்.

"ஏண்டி, சொல்லாம கொள்ளாம வந்து நாடாவ விடுற? இன்னும் கிணத்த இறைக்கவே இல்லயே!"

"எதுக்கும்மா இறைக்கணும்?"

"அளக்குற ஆபீசரு வர்றப்ப பாசியும் தழையுமா கெடந்தா நம்மள என்ன நெனப்பாங்க? விடியக்காலமே நாலு பேரு நின்னு அடி வரைக்கும் இறைச்சு, சுத்தியும் சுண்ணாம்பு தெளிச்சு வைப்போம்ல."

"ஒவ்வொரு தடவையுமா?"

"பின்ன? பட்டாவுக்கு அளக்க வந்தானே ஒருத்தன், தண்ணி குடுத்தா கிணத்த எட்டிப் பாத்துட்டு மூஞ்சிய சுளிச்சுக்கிட்டுப் போனான். அன்னிலேர்ந்து எந்த ஆபீசரும் நம்ம கிணத்தக் கொற சொன்னதில்ல."

அக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாராம். எங்கள் மண் களிமண். காலையில் இறைத்தால் மெதுவாகத்தான் ஊறும். ஒன்பது மணிக்கு அளப்பவர் வரும்போது ஆறரையில்தான் நிற்கும். தெருவே சேர்ந்து தன் மனுவைத் தானே தள்ளுபடி செய்துகொண்டிருந்தது.

ஆனால் தான் அளந்தது மட்டும் போதாது என்று அவருக்குத் தெரியும். திங்கட்கிழமை ஜெக்கரியாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, அளவெடுக்கப் போகும் இளையபெருமாளைத் தகவல் கொடுக்காமல் அனுப்பச் சொன்னார். இளையபெருமாளுக்கு அதில் விருப்பமில்லை.

"சொல்லிட்டுப் போனா எளநீ வெட்டித் தருவாங்க. சொல்லாம போனா யாரு தருவா?"

"எங்கப்பா தருவாரு, போயிட்டு வாங்கண்ணே."

ஒரே வாரத்தில் மூன்று முறை போனார். நான்கு, நான்கு இருபது, நான்கு பத்து. பழைய அளவுகள் ஏன் தவறு என்று ஜெக்கரியா கோப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பதினைந்தாவது கிணறும் ஒத்துப்போனது.

அனுமதி வந்தது. கூடவே, அக்காவின் கணிப்பிலிருந்து இரண்டு நிபந்தனைகளும் வந்தன. அறுபது அடிக்குக் கீழே போகக் கூடாது. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது.

"அறுபதா? பக்கத்தூர்ல எரநூறு போட்டிருக்கான்" என்று சொந்த மகளிடமே சண்டைக்குப் போனார் வைரக்கண்ணு. "எங்களுக்குன்னா மட்டும் கொறைச்சுக் குடுப்பியா?"

"அந்தத் தண்ணிய வாயில வச்சுப் பாத்தீங்களாப்பா? கீழ உப்பு கெடக்கு. ரொம்ப ஓட்டுனாலும் மேல ஏறிடும். பதினாலு வருஷம் நின்னு வாங்குன நெலம், உவராப் போகணுமா?"

அவர் பக்கத்தூருக்கு சைக்கிளில் போய் ஒரு வாய் குடித்துப் பார்த்துத் துப்பிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு ஆறு மணி நேரம் முடிந்ததும் மோட்டாரை நிறுத்துவது அவர் வேலையானது. ஐந்து நிமிடம் கூடுதலாக ஓட்டக்கூட யாரையும் விடமாட்டார். அடுத்த வருடம் மேட்டூர் திறக்கும் முன்பே எங்கள் பக்கம் நாற்று நான்கு விரல் உயரம் நின்றது.

அந்த மே மாதம் இளையபெருமாள் தகவல் சொல்லிவிட்டே அளக்க வந்தார். காளியம்மாள் விடியலிலேயே ராட்டினக் கயிற்றை அவிழ்த்து வீட்டுக்குள் வைத்துவிட்டு, அவர் வரும்வரை கிணற்றடியிலேயே காவலிருந்தார். தண்ணீரில் பாசியும் புளிய இலையும் மிதந்தன. வந்தவரை முதலில் இளநீரைக் குடிக்க வைத்தார்.

"ஒரு சொட்டுகூட எடுக்க விடல. அழுக்காத்தான் இருக்கு, அப்படியே அளந்துக்கங்க" என்றார்.

நான்கு மீட்டர், ஐந்து சென்டிமீட்டர்.