நகராத சைக்கிளில் அறுநூற்று நாற்பது கிலோமீட்டர்

ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் வெண்ணெய் தடவாத சோடா ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டபடி மிதித்துக்கொண்டிருக்கிறார் மலாக்கி டர்கன். சாப்பிடக்கூட இறங்குவதில்லை. காசில்பார் ஊர் சூப்பர்மார்க்கெட்டின் வாசலில், தள்ளுவண்டிகளுக்கும் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கும் நடுவே நிற்கிறது, உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து இரவல் வாங்கிய அந்தச் சைக்கிள். பனியனில் அம்மா கிட்டியின் படம். மாலை நெருங்குவதற்குள் வியர்வையில் நனைந்து அந்த முகம் அவர் நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும்.

கிட்டியைக் கடைசி மூன்று வாரம் வலி தெரியாமல் வைத்துப் பார்த்துக்கொண்ட ஹாஸ்பிஸ் என்னும் அந்திமகால இல்லத்துக்காக நிதி திரட்டுகிறார். அயர்லாந்தின் தென்முனையிலிருந்து வடமுனை வரை அறுநூற்று நாற்பது கிலோமீட்டர். பதினாறு நாள் கணக்கு. சுவரில் வரைபடம் ஒன்று தொங்குகிறது. காகிதத்தில் வெட்டிய குட்டி ரொட்டி வேன் அதில் தினமும் விரற்கடை விரற்கடையாக மேலே ஏறுகிறது.

நிஜ வேன் அவருடையதுதான். முப்பத்தோரு வருடமாக மேயோ மாவட்டத்துக் கடைகளுக்கு ரொட்டி போடுகிறார். எந்தக் கடை வாசலிலும் என்ஜினை அணைத்ததில்லை. தட்டை இறக்குவார், மழையைத் திட்டுவார், ஓடுவார். "வண்டியை அணைச்சா எனக்குத் தூக்கம் வந்துரும் தாயி" என்பார் கடைக்காரப் பெண்களிடம். தங்கை திம்ப்னாவின் கல்யாணத்தன்றுகூடத் தேவாலய வாசலில் அவர் வேன் உறுமிக்கொண்டேதான் நின்றது.

"பின்சக்கரத்தை எவன்டா திருடிட்டுப் போனான்?" என்று தினமும் வந்து கேட்பார் கசாப்புக்கடை ஈமன்.

"உன் பெண்டாட்டிதான். உன்கிட்டேர்ந்து தப்பிச்சுப் போக அவளுக்கு ஒண்ணு வேணுமாம்."

கூடி நிற்பவர்கள் சிரிப்பார்கள். மலாக்கியின் வாயும் சிரிக்கும். கண் மட்டும் கீழே சுற்றுகிற கால்களையே பார்த்துக்கொண்டிருக்கும்.

அவருக்குள் சுற்றுவது எட்டு நிமிடம். அம்மா போன அன்று பகல் ரொட்டி போட்டு முடித்துவிட்டு நேராக ஹாஸ்பிஸில் அவள் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார், கையைப் பிடித்துக்கொண்டார். "வாசலை மறிச்சுக்கிட்டு ஒரு ரொட்டி வேன் உறுமிட்டு நிக்குது, ஆம்புலன்ஸ் உள்ள வர முடியலே" என்று யாரோ எட்டிப் பார்த்துச் சொன்னார்கள். "இதோ வந்துடறேம்மா" என்று எழுந்து போனார். வண்டியைக் கட்டடத்தின் பின்னால் கொண்டுபோய் விட்டுவிட்டு, மாடிப்படியேறி வருவதற்குள் எட்டே நிமிடம். கட்டிலில் கிட்டி இல்லை. கிட்டியின் உடம்புதான் இருந்தது.

"நீ வெளியே போகட்டும்னுதான் அம்மா காத்துக்கிட்டு இருந்திருக்காங்க. பெத்தவங்க பல பேர் அப்படித்தான், பிள்ளை கண்ணு முன்னாடி உயிரை விட மாட்டாங்க" என்றாள் திம்ப்னா. பாதிரியாரும் அதையே சொன்னார். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் தேநீர்க் கோப்பையோடு சேர்த்து அந்த ஆறுதலையும் நீட்டினார்கள். மலாக்கி தேநீரை மட்டும் வாங்கிக்கொண்டார். அடக்கத்துக்குப் பிறகு அவர் கல்லறைப் பக்கம் போகவில்லை; அம்மா வீட்டுக் கதவையும் திறக்கவில்லை.

இன்று கடைசி நாள். கிட்டி போய் ஒரு மாதம் நிறைகிறது. ஆறு மணிக்குத் தேவாலயத்தில் அவளுக்கான மாதத் திருப்பலிப் பூசை. அண்ணனின் கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறாள் திம்ப்னா.

"இன்னும் ஒரு கிலோமீட்டர்தாண்ணே. முடிச்சதும் நேரா கோயிலுக்கு. இன்னைக்கும் வரலேன்னா என் முகத்திலேயே முழிக்காதே."

"வர்றேன் திம்ப். வர்றேன்னு சொன்னேன்ல?"

ஹாஸ்பிஸ் சார்பில் பூங்கொத்தோடு வருகிறாள் நர்ஸ் பெர்னி. அன்று அந்த அறையில் இருந்தவள் அவள்தான். மலாக்கி அவளை நிமிர்ந்து பார்க்கிறார். மிதிப்பதை நிறுத்தாமலே கேட்கிறார்.

"பெர்னி, ஆறுதலெல்லாம் வேண்டாம். உள்ளதைச் சொல்லு. அம்மா என்னைக் கேட்டாங்களா?"

அவள் திம்ப்னாவைப் பார்க்கிறாள். கையிலிருந்த பூக்களைப் பார்க்கிறாள்.

"கேட்டாங்க மலாக்கி. ரெண்டு தடவை. 'படியேறி வந்துக்கிட்டு இருக்கான், இதோ வந்துட்டான்'னு சொன்னேன். கதவையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க."

திம்ப்னா வாயைப் பொத்திக்கொள்கிறாள். அந்த நேரம் பார்த்துச் சைக்கிள் மீட்டரின் எண் அறுநூற்று நாற்பதைத் தொடுகிறது. ஒன்றும் அறியாத கூட்டம் கைதட்டுகிறது. யாரோ காகித வேனை வடமுனையில் குத்துகிறார்கள்.

"எறங்குடா மலாக்கி, வந்து சேர்ந்துட்டே!" என்று கத்துகிறார் ஈமன்.

திம்ப்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு கோட்டை விரித்துப் பிடிக்கிறாள். "வாண்ணே. மணி அடிக்கப் போறாங்க."

மலாக்கி கைப்பிடிக்குக் கீழே துழாவி, மிதியை இறுக்குகிற குமிழைப் பிடித்து, இனித் திரும்பாது என்னும்வரை திருகுகிறார். பிறகு இருக்கையைவிட்டு எழுந்து நின்று, உடம்பின் பாரத்தையெல்லாம் ஒரு காலில் இறக்கி, அடுத்த காலில் இறக்கி, மாடிப்படி ஏறுகிறவரைப் போல மிதிக்கத் தொடங்குகிறார்.